வாசல் தாண்டாத கட்டளை

ராமேஸ்வரம் தீவுக்குள் வருகிற எதுவும் பாம்பன் கடலைக் கடந்தாக வேண்டும். ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. சாலைப் பாலத்துக்குத் தீவு 1988 அக்டோபர் வரை காத்திருந்தது. இடையில் 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களையும் கடலுக்குள் தள்ளியது. ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் மீண்டும் எழுந்தது. ஆனால் கரையோடு தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் அன்றைக்கே தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகும் வானம் அவ்வப்போது அதை நினைவூட்டுகிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் ராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்று மழையைக் கொட்டியது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது.

இப்படிப்பட்ட ஊரில், ஆன்லைனில் வாங்கிய ஒரு ஸ்மார்ட் பிளக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் அதைச் செருகுகிறோம். அதில் ஒரு விளக்கையோ மீன்தொட்டியின் ஏர் பம்பையோ மாட்டுகிறோம். கட்டிலில் உட்கார்ந்து போனைத் தொட்டால் எதிரே இருக்கும் விளக்கு எரிகிறது. மலிவான பிளக்குகள் பலவற்றில் அந்தக் கட்டளை போய்வரும் பாதை நீளமானது. போனிலிருந்து ரவுட்டர்; அங்கிருந்து தீவைத் தாண்டி, தயாரிப்பு நிறுவனத்தின் சர்வர் எந்த நகரத்தில் இருக்கிறதோ அந்த நகரம்; பிறகு வந்த வழியே திரும்பி, நான்கடி தள்ளியுள்ள பிளக். வழியில் எந்த இடத்தில் அறுந்தாலும் அந்த நான்கடியைக் கடக்க முடியாது. பிளக்கில் இருக்கும் பொத்தானை எழுந்துபோய் அமுக்கலாம்தான். ஆனால் குறித்த நேரத்தில் எரிவது, தொட்டியின் பம்ப் நின்றால் தகவல் சொல்வது போன்ற வேலைகளுக்காகத்தானே அதை வாங்கினோம்?

வீட்டுக்குள் நடக்கிற காரியத்தின் முடிவு வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புயல் மட்டும் இதற்குக் காரணமில்லை. நிறுவனங்களும் கைவிடுகின்றன. கூகுளின் நெஸ்ட் நிறுவனம் தான் வாங்கிய ரிவால்வ் என்ற கருவியின் சர்வரை 2016 மே மாதம் மூடியபோது, மக்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் அன்றே செயலிழந்தன. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. பெல்கின் தனது வீமோ கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31 உடன் ஆதரவை நிறுத்துவதாக முந்தைய ஆண்டே அறிவித்தது. ஆப்பிள் ஹோம்கிட்டில் முன்கூட்டியே இணைத்திருந்தவை மட்டும் வீட்டு வைஃபைக்குள் தொடர்ந்து இயங்கும் என்றது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவை அமெரிக்காவின் ஒரு பகுதியில் தடுமாறியபோது, உலகின் பல ஊர்களில் வீட்டுக் கருவிகள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தன.

ஆனாலும் கிளவுட் வழி வந்ததற்கு ஒரு நியாயமான பொறியியல் காரணம் உண்டு. வீட்டு ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போகும் தொடர்பை அனுமதிக்கும்; வெளியிலிருந்து உள்ளே வரும் அழைப்பை நிறுத்திவிடும். நீங்கள் மதுரையில் இருந்துகொண்டு தங்கச்சிமடத்து வீட்டு பிளக்கை நேராக அழைக்க முடியாது. அதனால் பிளக் தானாகவே ஒரு சர்வரோடு தொடர்பு ஏற்படுத்தி, அதை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் போனும் அதே சர்வரைத் தொடர்புகொள்கிறது. இரண்டும் அங்கே சந்திக்கின்றன. வெளியூரில் இருக்கும்போது இது நல்ல ஏற்பாடு. வீட்டுக்குள் இருக்கும்போதும் இதே வழியில்தான் போக வேண்டும் என்று ஆனதுதான் கோளாறு.

பிளக்குக்குள் இருப்பது அதிகமில்லை. 230 வோல்ட்டைச் சிறு மின்னழுத்தமாக்கும் சின்ன பவர் சப்ளை, கரண்டைத் திறந்து மூடும் ஒரு ரிலே, எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளக்கும் ஒரு சிப், எல்லாவற்றையும் நடத்தும் வைஃபை சிப். சிங்கப்பூரைச் சேர்ந்த டியோ ஸ்வீ ஆன் 2008-ல் ஷாங்காயில் தொடங்கிய எஸ்ப்ரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சிப் 2014-ல் வெளிவந்த பிறகுதான் இந்தப் பொருட்கள் இவ்வளவு மலிவாயின. அந்தச் சிப் உண்மையில் ஒரு குட்டிக் கணினி. அதில் ஓடும் நிரலை மாற்றிவிட்டால், அது யாருடைய பேச்சைக் கேட்கும் என்பதும் மாறிவிடும். நெதர்லாந்தின் தியோ ஆரன்ட்ஸ் தொடங்கிய டாஸ்மோட்டா, ஓட்டோ வின்டர் தொடங்கிய ஈஎஸ்பிஹோம் ஆகியவை இப்படி மாற்றி ஏற்றுவதற்கான இலவசத் திறந்தமூல நிரல்கள்.

ஏற்றுவது எப்படி என்பதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. கடையில் பல பெயர்களில் விற்கும் பிளக்குகள் பலவற்றுக்குள் சீனத்தின் ஹாங்சோ நகரத்து டூயா நிறுவனத்தின் மாட்யூல்தான் இருக்கும். 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் மிக்கேல் ஸ்டைகர்வால்ட், இந்த மாட்யூல்கள் புதிய நிரலை யார் அனுப்பினார்கள் என்று சரியாகச் சோதிப்பதில்லை என்று காட்டினார். பொய்யாக ஒரு வைஃபையை உருவாக்கி, 'நான்தான் உன் நிறுவனத்தின் சர்வர்' என்று பிளக்கை நம்பவைத்து, பெட்டியைத் திறக்காமலே நிரலை மாற்றும் டூயா-கன்வர்ட் கருவி அதிலிருந்து பிறந்தது. நிறுவனம் ஓட்டையை அடைத்தது. பிறகு வந்த பிளக்குகளில் ஈஎஸ்பி சிப்புக்குப் பதில் பெக்கென் நிறுவனத்தின் பிகே7231 வகை சிப்கள் இடம்பிடித்தன. அவற்றுக்கும் லிப்ரடைனி, ஓபன்பெக்கென் என்ற மாற்று நிரல்கள் வந்துவிட்டன. எனவே இன்று ஒரு பிளக்கை வாங்குகிறவருக்கு உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்பது திறந்து பார்க்கும்வரை தெரியாது. அட்டைப்பெட்டி அதே, பெயர் அதே, உள்ளிருப்பது வேறு.

நிரலையே மாற்றாமல் இன்னொரு வழி இருக்கிறது. இந்தக் கரைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். டூயா வகைப் பிளக்குகள் பெரும்பாலும் வீட்டு வைஃபைக்குள்ளிருந்து வரும் கட்டளையையும் ஏற்கும். ஆனால் அது பூட்டிய மொழியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிச் சாவி. நிறுவனத்தின் மென்பொருளாளர் கணக்கில் ஒருமுறை பதிந்து அந்தச் சாவியை எடுத்துவிட்டால், பிறகு வீட்டிலுள்ள கணினியே பிளக்கிடம் நேரே பேசும். பவுலுஸ் ஸ்கூட்சென் 2013-ல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே லோக்கல்டூயா என்ற இணைப்பு உண்டு. அதற்கு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று போதும். அது சுமார் 5 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 7.2 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சும்மா செருகியிருக்கும் ஒவ்வொரு பிளக்கும் ஏறக்குறைய 1 வாட் எடுக்கும், அது 1.44 யூனிட். பத்து பிளக் மாட்டினால் அதுவும் கணக்கில் வரும்.

நிரலை மாற்றியவர்கள் பெரும்பாலும் எம்க்யூடிடி என்ற முறையில் பிளக்குகளைப் பேசவைக்கிறார்கள். 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும், வேறு நிறுவனத்திலிருந்த ஆர்லன் நிப்பரும் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கியது இது. அந்தத் தொடர்பு விலை உயர்ந்தது, அடிக்கடி அறுவது. ஆகவே செய்திகள் மிகச் சிறியவை, தலைப்பகுதி 2 பைட்டிலிருந்தே தொடங்கும். மீன்பிடித் துறைமுகத்தின் அறிவிப்புப் பலகை மாதிரி நடுவில் ஒரு மென்பொருள் இருக்கும். பிளக்குகள் அதில் எழுதும், வேண்டியவர்கள் படிப்பார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. 'என் சத்தம் நின்றுபோனால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிடு' என்று ஒவ்வொரு கருவியும் இணையும்போதே ஒரு செய்தியைக் கொடுத்து வைக்கலாம். மீன்தொட்டி பிளக் கரண்ட் இழந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்தி தானாக வெளிவரும். அறுந்துபோகும் தொடர்புகளுக்காகவே யோசித்துச் செய்த முறை என்பதால்தான் இது கடற்கரைக்கும் பொருந்துகிறது.

இனி பெட்டியைத் திறக்கும் விஷயம். இங்கே அவசரம் கூடாது.

வைஃபை சிப் 3.3 வோல்ட்டில் ஓடுகிறது, ஆகவே தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. போன் சார்ஜரில் 230 வோல்ட் பக்கமும் போனுக்கு வரும் பக்கமும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்டிருக்கும். பல ஸ்மார்ட் பிளக்குகளில் அந்தப் பிரிவு இல்லை. கரண்டை அளக்கும் சிப், ஃபேஸ் அல்லது நியூட்ரல் கம்பியில் போட்ட மில்லி ஓம் அளவுள்ள ஒரு தடையின் மேல் விழும் மின்னழுத்தத்தை நேரடியாகப் படிக்கிறது. அதற்காக 3.3 வோல்ட் பகுதியின் 'கிரவுண்ட்' அந்தக் கம்பியோடே சேர்ந்துவிடும். நம் வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது அபூர்வமில்லை. அந்தக் கம்பி ஃபேஸாக அமைந்துவிட்டால் 3.3 வோல்ட் பகுதி முழுவதும் தரையைவிட 230 வோல்ட் உயரத்தில் மிதக்கும். பிளக் சுவரில் இருக்கும்போது அதோடு லேப்டாப்பை இணைத்தால் லேப்டாப்பின் உடலுக்கும் உங்கள் கைக்கும் அதே மின்னழுத்தம் வரும். எனவே நிரல் ஏற்றும் நேரம் முழுவதும் பிளக் சுவரிலிருந்து கழற்றப்பட்டு மேசையில் இருக்க வேண்டும். கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும். சில நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரால் பார்த்த பிறகே தொட வேண்டும்.

அதன் பிறகு வேலை எளிது. யூஎஸ்பி–சீரியல் அடாப்டர் ஒன்று, 3.3 வோல்ட்டில் அமைத்தது. 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடும். சப்ளை, கிரவுண்ட், அனுப்பும் கம்பி, பெறும் கம்பி என்று நான்கு இணைப்புகள். ஈஎஸ்பி8266-இல் பூஜ்ஜியம் எண் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு சப்ளை கொடுத்தால், அது பழைய நிரலை ஓட்டாமல் புதிய நிரலுக்காகக் காத்திருக்கும். முதலில் பழைய நிரலை அப்படியே கணினியில் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. புதியதை ஏற்றிய பிறகு, அளவைச் சிப்பைச் சரிசெய்ய ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பும் நம்பகமான மீட்டரும் போதும். குண்டு பல்பின் சுமை வெறும் தடை. மோட்டாரும் எல்இடியும் கணக்கைக் குழப்பும்.

திறந்த பெட்டியை மீண்டும் மூடுவதில் இந்தக் கரைக்கே உரிய பிரச்சினை தொடங்குகிறது. தொழிற்சாலையில் அதிர்வொலியால் உருக்கி ஒட்டிய மூடி, நெம்பித் திறந்தால் முன்போல் பொருந்தாது. அந்த இடைவெளியில் உப்புக் காற்று நுழையும். மண்டபம், பாம்பன் பக்கம் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது சிக்ரி, தன் அரிப்புச் சோதனை மையம் ஒன்றை மண்டபத்தில் வைத்திருப்பதும் இதனால்தான்.

கறியுப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். ராமேஸ்வரம் கரையில் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பகலில் போர்டின் மேல் படிந்த உப்புத் தூசி இரவில் கரண்ட் கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாகிறது. இரண்டு தடங்களுக்கு நடுவே மின்னழுத்தம் இருந்தால் ஒரு தடத்தின் உலோகம் அயனியாகக் கரைந்து மறுபக்கம் போய், மரக்கிளை போல் மெல்லிய இழைகளாக வளரும். ஒருநாள் இழை எட்டிவிட்டால் ஷார்ட். 230 வோல்ட் தடங்களுக்கு நடுவே போர்டில் வெட்டியிருக்கும் நீளத் துளையைப் பார்த்திருப்பீர்கள். கசிவு கடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டத்தான் அது. அந்தத் துளைக்குள் சால்டர் ஈயமோ பசையோ போய்விடக் கூடாது.

இதற்குப் பூச்சு உண்டு. அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் வகைப் பாதுகாப்புப் பூச்சை, ரிலே, பொத்தான், செருகும் முனைகள் ஆகியவற்றை மறைத்துவிட்டு, போர்டின் இருபுறமும் மெல்லியதாகப் பூசலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புக்குப் பூசியிருப்பது பாலிசிலாக்ஸேன். சிலிக்கோன் பூச்சிலும் அதே சிலிக்கான்–ஆக்சிஜன் சங்கிலிதான் முதுகெலும்பு. உள்ளங்கை அளவு போர்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் பாலத்துக்கும் எதிரி ஒன்று என்பதால் தீர்வும் ஒரே குடும்பத்திலிருந்து வருகிறது.

பூச்சு பூச முடியாத இடம் பித்தளை முனைகள். அவை பச்சை பூத்தால் தொடும் இடத்தில் தடை கூடும். 0.1 ஓம் தடை ஒன்றுமில்லை என்று தோன்றும். 10 ஆம்பியர் போகும்போது அந்த இடத்தில் மட்டும் 10 வாட் சூடு பிறக்கிறது. மூடிய பிளாஸ்டிக்குக்குள், சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் 10 வாட். பிளக் பழுப்பாகி, பிறகு உருகும். நிரல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் தடுக்காது. கடலோர வீட்டில் திறந்து மூடிய பிளக்கை விளக்கு, மின்விசிறி, ரவுட்டர், ஏர் பம்ப் போன்ற சிறு சுமைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கீசருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் வேண்டாம். திறக்காத வழியை முதலில் சொன்னதற்குக் காரணமும் இதுவே.

தண்ணீர் மோட்டாருக்கு நேராக மாட்டவே கூடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுக்கும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கைக் கிளம்பும் நொடியில் இழுக்கும். ரிலேயின் மேல் எழுதியிருக்கும் 16 ஆம்பியர் என்பது ஹீட்டர் மாதிரி வெறும் தடைச் சுமைக்கான கணக்கு. மோட்டாரின் முதல் இழுப்பில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், போனில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாருக்கு ஒரு கான்டாக்டர் வைத்து, அதன் சுருளை மட்டும் பிளக் இயக்கட்டும். அதை ஒரு எலக்ட்ரீஷியன் கையால் செய்துகொள்ளுங்கள். இத்தனை நிமிடத்தில் தானே அணைந்துவிடு என்று பிளக்குக்குள்ளேயே விதி எழுதலாம். கணினி நின்றாலும் அந்த விதி நிற்காது. கரண்ட் போய்த் திரும்பும்போது எந்த நிலையில் எழ வேண்டும் என்பதையும் குறித்துவிடலாம்: மோட்டாருக்கு 'ஆஃப்', ரவுட்டருக்கு 'ஆன்'. ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி சரி. கைபேசியால் இயங்கும் பம்ப்செட் கருவிகளுக்கு வேளாண் பொறியியல் துறை மானியமே தருகிறது. இங்கே பேசுவது வீட்டு மோட்டாரைப் பற்றி.

எல்லாம் உள்ளூரில் ஆன பிறகும் ஒன்று மட்டும் வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும், பலர் கவனிக்காத ஒன்று: நேரம். ஈஎஸ்பி8266-க்குள் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தால் அது 1970 ஜனவரி 1 என்று எழும். பிறகு இணையத்திலுள்ள நேரச் சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். புயல் இரவில் கரண்டும் இணையமும் சேர்ந்தே போகின்றன. கரண்ட் முதலில் திரும்பி, இணையம் இரண்டு நாள் கழித்து வந்தால், அந்த இரண்டு நாளும் பிளக்குக்கு மணி தெரியாது. நேரக் கட்டளை ஒன்றும் நடக்காது. ராஸ்பெர்ரி பையிலும் பழைய மாடல்களில் கடிகாரப் பேட்டரி கிடையாது. டிஎஸ்3231 என்ற சிறு கடிகார மாட்யூலும் ஒரு பட்டன் செல்லும் வாங்கிப் பையில் செருகினால் போதும்; ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் அது தவறாது. அந்தப் பையையே வீட்டின் நேரச் சர்வராக்கி, பிளக்குகளில் அதன் முகவரியைக் குறிக்கலாம். சூரியன் மறையும் நேரத்துக்கும் இணையம் வேண்டாம். அட்சரேகை 9.28, தீர்க்கரேகை 79.3 என்று கொடுத்தால் பிளக்கே கணக்குப் போடும். இவ்வளவு தெற்கே அந்த நேரம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய மாலை 5.50-க்கும் 6.40-க்கும் இடையில்தான் நகர்கிறது.

பிளக்குகளுக்கு இனி வெளியே போக வேலை இல்லை என்பதால், ரவுட்டரில் அவற்றின் இணைய வழியை அடைத்துவிடலாம். 2016 அக்டோபரில் மிராய் என்ற நச்சு நிரல், வீடுகளிலிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் படையாகத் திரட்டி, இணையதள முகவரிச் சேவை தரும் டின் நிறுவனத்தைத் தாக்கியபோது, பெரிய இணையதளங்கள் பல விழுந்தன. வெளியே பேசாத கருவியை யாரும் அப்படித் திரட்டுவது கடினம்.

வேலை உண்மையில் முடிந்ததா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ரவுட்டருக்கு வரும் ஃபைபர் கம்பியைக் கழற்றிவிட்டு, வைஃபையை ஓடவிடுங்கள். போனின் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். ஒவ்வொரு பிளக்கையும் இயக்கிப் பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, ஒவ்வொன்றும் எந்த நிலையில் எழுகிறது, எந்த மணி காட்டுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். முன்பு 'ஆன்' ஆக இருந்த மோட்டார் பிளக் 'ஆஃப்' ஆக எழ வேண்டும். தொட்டியின் பம்ப் ஓட வேண்டும். மணி சரியாக இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும், வாடைக் காற்று தொடங்கும் ஐப்பசிக்கு முன் சரிசெய்துவிடுங்கள்.